பொலித்தீன் கட்டில்

சுவிஸ் நாட்டு இன்டர்லாக்கனில் நான் வேலை செய்யும் ஹோட்டலில், கோப்பை கழுவும் இடத்தில் எனக்கு வலப்பக்கம் நிற்பவர் ஒரு ராசா. இடப்பக்கம் நிற்பது மிஷின். மூவரிலும் முனகாமல் வேலை செய்வது மிஷின். அடுத்தது ராசா. மூன்றாமிடம் யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

அவர் ராசா என்பது முதலில் எனக்குத் தெரியாது. வந்த அன்று கையைத் துடைத்துவிட்டு நீட்டி, "நானா" என்றார். எங்கள் நாட்டில் முஸ்லிம் சனங்கள் மூத்த அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். கானா நாட்டிலும் அப்படித்தானாக்கும் என்று நானே முடிவுகட்டி, எட்டு மாதம் அவருக்கு முன்னால் பன்றி இறைச்சி தின்னாமல் இருந்தேன். நோன்பு மாதத்தில் ஒரு மத்தியானம் அவர் சொசேஜ் கடிப்பதைக் கண்டு மனம் நொந்து, "நானா, இது சரியோ?" என்று புத்தியும் சொன்னேன். அவர் மென்றதை விழுங்கிவிட்டு, தான் மெதடிஸ்த சபைக்காரன் என்றார். நானா என்பது பெயர் இல்லையாம். பதவியாம். அடொம்குரோம் என்ற ஊருக்கு அவர்தான் ராசா.

நம்பவில்லை. தொலைபேசியில் படம் காட்டினார். தோளில் புரளும் பட்டுத்துணி, கழுத்தில் பொன், தலைக்கு மேலே தேர்க்குடை மாதிரி ஒன்று. முகம் மட்டும் என்னோடு, சீஸ் உருக்குகிற ரக்லெட் சட்டி தேய்க்கிற அதே முகம்.

பிறகுதான் கவனித்தேன். பின்னேரம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை சமையலறைக்காரருக்கு ஓய்வு. நாங்கள் எல்லாரும் குறட்டை விடும் அந்த நேரத்தில் நானா உடுப்பு மாற்றும் அறையில், ஈர ஏப்ரனோடு வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்து தொலைபேசியில் அரசாட்சி செய்வார். காணிச் சண்டை, குழாய்க்கிணறு, பள்ளிக்கூடக் கூரை, யாரோ ஒருவனின் ஆடு யாரோ ஒருத்தியின் மரவள்ளியைத் தின்றது. ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். இவர் பொறுமையாகக் கேட்பார். ஐந்து மணிக்கு மணியடித்ததும் ராச்சியத்தை மூடிவைத்துவிட்டு வந்து முள்ளுக்கரண்டி பொறுக்குவார்.

இந்த ராசாவை ஓல்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அதற்குக் காரணம் தில்லை அக்கா.

என் மனைவி என் பகிடிகளைத் தாங்க ஏலாமல் லவுசானுக்குப் போய்ப் பத்து வருடமாகிறது. அதற்குப் பிறகு என் லீவு நாட்களில் எனக்குச் சோறு போடுவது ஓல்டனில் இருக்கும் தில்லை அக்கா வீடு. ஒரே ஊர்க்காரர். முழுப்பெயர் தில்லைநாயகி. புருசன் இராஜசிங்கம் அண்ணை, பெயரில் மட்டும் ராசாவும் சிங்கமும். வீட்டில் வாய் திறக்காத மனிசன், ரயில்பாதைக்குப் பக்கத்துப் பொதிக் கிடங்கில் வேலை. அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்தொரு வருடமாகத் துப்புரவு வேலை. இப்போது அந்தப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. அவர் துடைத்த இடத்தில் எச்சில் துப்ப ஈக்கும் துணிவு வராது.

இந்த இலையுதிர்காலத்தில் அந்த இல்லம் கட்டில்களை மாற்றியது. பழையவை இருபத்திரண்டு. பொத்தானை அமத்தினால் தலை எழும்பும், கால் எழும்பும். பழசு என்று சொன்னால்தான் தெரியும். இல்லத்து இயக்குநர் அம்மா அக்காவைக் கூப்பிட்டு, "இதுகளுக்குக் கீழே குனிந்து கூட்டினது நீங்கள். எங்கே போகவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று விட்டார்.

அக்கா வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழட்ட முதல் தவராஜா அண்ணையின் தொலைபேசி வந்துவிட்டது.

தவராஜா அண்ணை எங்கள் ஊர் அபிவிருத்திச் சங்கத்தின் சுவிஸ் கிளைக்குத் தலைவர். பத்தொன்பது வருடமாகத் தலைவர். வேறொருவர் தலைவராக இருந்ததைப் பார்த்த ஆட்கள் இப்போது அக்கா துடைக்கிற இல்லத்தில்தான் இருக்கக்கூடும். கெட்ட மனிசன் என்று சொல்ல மாட்டேன். முழங்கால் இரண்டும் தேய, பனிக்குள் வீடு வீடாக ஏறி இறங்கி ஊருக்காகச் சேர்த்தவர். ஆனால் ஊரில் எது திறப்பதென்றாலும் நாடா அவர் கையால்தான் வெட்டுப்பட வேண்டும்.

சங்கம் முன்னொரு தரம் ஊர் ஆஸ்பத்திரிக்கு எட்டுக் கட்டில் அனுப்பியது. அதற்கென்று ஓர் அறை கட்டி, சுவரில் அவருடைய தகப்பனார் பெயரில் கல்லும் பதித்தார்கள். போன வருடம் ஆவணியில் லீவெடுத்துப் போய்த் திறப்பதாகத் திட்டம். ஆனியில் அக்காவின் அண்ணன் குலநாதன் காய்ச்சலோடு அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தார். வார்டில் இடமில்லை. விறாந்தையில் பாயில், நாலு நாள். பக்கத்து அறையில் எட்டுக் கட்டில், பொலித்தீன் சுற்றியபடி. திறப்பு விழா முடியவில்லை என்று பூட்டுத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் விடிய அவர் பாயிலேயே முடிந்துபோனார்.

கட்டிலில் கிடந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. அக்கா அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு வேண்டியது பதில் இல்லை.

"தம்பி, அந்தத் தவராஜா போனிலை என்ன சொன்னது தெரியுமே?" என்றார் அன்று, மீன் வெட்டிக்கொண்டு. "தங்கச்சி, ஊருக்கு நீங்கள் செய்யிற பெரிய தொண்டு, உங்கடை அண்ணற்றை பேரையும் ஒரு ஓரத்திலை போடுவம் எண்டு. ஓரத்திலை!" மீனின் தலை தனியாகப் போனது.

"நீங்கள் என்ன சொன்னனியள்?"

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டன். யோசிக்கிறன். அந்தாள் கையிலை ஒரு ஆணிகூடக் கிடைக்கக் கூடாது. அந்தாள் பாத்துக்கொண்டு நிக்க வேறை எங்கையாவது போகவேணும்."

நான்தான் வாயைக் கொடுத்தேன். "அக்கா, என்னோடை ஒரு ராசா வேலை செய்யிறார். அவருக்குக் கட்டில் தேவையாம்."

இராஜசிங்கம் அண்ணை அந்த வாரத்தில் முதல் தடவையாக வாய் திறந்தார். "ராசாவுக்குக் கட்டில் இல்லையோ?"

*

அடுத்த ஞாயிறு ஆரே நதியிலிருந்து எழும்பிய பனிப்புகார் ஓல்டன் முழுவதையும் மூடியிருந்தது. ஸ்டேஷன் மணிக்கூடு தெரியவில்லை. ரயில்கள் சத்தமாக மட்டும் வந்து போயின. அதற்குள்ளால் நானா மஞ்சள் கழுத்துப்பட்டியும் மினுங்கும் சப்பாத்துமாக நடந்து வந்தார்.

வாசலில் முதல் வில்லங்கம். "சப்பாத்தைக் கழட்டச் சொல்லும் தம்பி" என்றார் அக்கா. சொன்னேன். நானா அப்படியே நின்றார். முகம் இறுகியது.

அவர் பேசியது இங்கிலீசும் சுவிஸ் ஜேர்மனும் கலந்த ஒன்று. அதை எனக்குத் தெரிந்த ஒரே தமிழில் தருகிறேன். கானா ராசா வடமராட்சி ஆள் மாதிரிக் கதைத்தால் குற்றம் என்னுடையது.

"எங்கடை ஊரிலை ராசான்ரை வெறுங்கால் நிலத்திலை படக்கூடாது. சனத்துக்கு ஆளைப் பிடிக்கேல்லை எண்டால் வந்து செருப்பைக் கழட்டி விடுவினம். அதோடை அவர் ராசா இல்லை."

வீட்டு வாசலில் வைத்து ஒரு ராசாவைப் பதவியிறக்கப் பார்த்திருக்கிறோம். அண்ணை ஓடிப்போய், கிடங்கில் நத்தார்ப் பண்டிகைக்குக் கொடுத்த ஆட்டுரோமச் செருப்பைக் கொண்டுவந்து வைத்தார். நானா சப்பாத்திலிருந்து செருப்புக்கு, வள்ளத்துக்கு வள்ளம் தாவுகிற மீன்காரன் மாதிரி, தரையில் படாமல் மாறினார்.

அக்கா அதைக் கண்வாங்காமல் பார்த்தார். "அப்ப உங்கடை ஆக்கள் ராசாவை இறக்கலாமோ?"

"ஏன் ஏலாது? பக்கத்து ஊர் ராசா ஒரே காணியை மூண்டு பேருக்கு வித்தவர். இறக்கிப்போட்டினம். ராசாமார் எல்லாரும் நல்லவை இல்லை அம்மா. நான் ஒழுங்கா இருக்கிறதும் பாதி பயத்திலைதான்."

"எங்கடை தலைவரை எப்பிடி இறக்கிறது தம்பி?"

"எங்கடை சங்கத்து யாப்பு விதியிலை செருப்பைப் பற்றி ஒண்டும் இல்லை அக்கா."

புட்டும் ஆட்டுக்கறியும் கத்தரிக்காய்ப் பொரியலும். கறி துருக்கிக் கடையில் ஹலால் பார்த்து வாங்கியது; நானா என்ற சொல் அக்காவையும் ஏமாற்றியிருந்தது. கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு நானா கையால் புட்டைப் பிசைந்த விதத்தில் அக்காவின் முகம் மலர்ந்தது. ஆனால் சாப்பாட்டுக்கு முதல் ஒரு சடங்கு நடந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ராசா பேசாமல் இருந்தார். நாங்களும் பேசாமல் இருந்தோம்.

"இனி நீங்கள் கேக்கவேணும், என்ன விசயமா வந்தனியள் எண்டு. தண்ணி குடுத்தாப் பிறகுதான் கேக்கிற வழக்கம்" என்றார் மெதுவாக.

"எங்கடை வீட்டிலை வாசலிலையே கேட்டுப்போடுவம்" என்று அக்கா சிரித்தார்.

அதோடு ராசா நேரே பேசக் கூடாதாம். ராசா சொல்வதைச் சபைக்குச் சொல்லவும், சபை சொல்வதை ராசாவுக்குச் சொல்லவும் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பாராம். ஒச்சியாமே என்று பெயர். ராசாவின் வாய். அவர் சொல்லை மினுக்கலாம், மாற்றக் கூடாது. ஊரில் அந்த வேலைக்குப் பொற்பூண் போட்ட கோல் கொடுப்பார்களாம். ஓல்டனில் அந்தப் பதவி எனக்கு வந்தது. கோலுக்குப் பதிலாக அகப்பை இருந்தது.

"உது எங்கடை ஊரிலையும் இருக்குத்தானே" என்றார் அக்கா. "எங்கடை பெரியம்மா பன்னிரண்டு வருசம் பெரியப்பாவோடை நேரை கதைக்கேல்லை. எல்லாம் கோழியிட்டைத்தான் சொல்லுவா. கோழியே, அவரைச் சாப்பிட வரச்சொல்லு எண்டு."

நான் கோழியின் வேலையைத்தான் பார்க்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

நானா விசயத்தைச் சொன்னார். அவருடைய ஊரில் ஆஸ்பத்திரிக்குக் காணி கொடுத்தது அவர்; காணி ராசாவின் ஆசனத்துக்குச் சொந்தம். கல் சுமந்தது ஊர். வராத வீட்டுக்காரர் சபையில் வந்து ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். நேர்ஸை அனுப்பியது அரசாங்கம். நாடா வெட்டியது பாராளுமன்ற உறுப்பினர். கட்டில் மட்டும் ஒருவரும் தரவில்லை. பிள்ளை பெற்ற இரண்டு தாய்மார் ஒரு கட்டிலில், தலைமாடும் கால்மாடுமாக.

"ஜெனீவாவிலை ஒருக்கா என்னையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டவை. நவீன அபிவிருத்தியிலை பாரம்பரிய ஆட்சியாளரின் பங்கு எண்டு தலைப்பு. நானும் துணி உடுத்து, குடையும் கொண்டு, பஸ்ஸிலை போனன். படம் எடுத்தினம். பங்கைப் பற்றி நல்லாக் கதைச்சினம். நான் கட்டிலைப் பற்றிக் கேட்டன். அது வேறை கூட்டமாம்."

அக்கா அண்ணனின் கதையைச் சொன்னார். ஒரு சொல் மினுக்காமல் நான் ராசாவிடம் கொடுத்தேன். அவர் பிசைந்த கையை அப்படியே வைத்திருந்தார்.

"அந்த எட்டும் இப்ப எங்கை?"

"அங்கைதான்" என்றார் அக்கா. "ஒண்டரை வருசம். செத்தவீட்டுக்காகத் திறப்பைத் தள்ளிவைச்சவையாம், மரியாதைக்கு. பேந்து அந்தாளுக்கு லீவு கிடைக்கேல்லை. பேந்து ஒரு மந்திரி வரவேணுமெண்டு."

"இன்னும் பொலித்தீனுக்கையோ?"

அக்கா எழும்பிப் போய்க் குசினியில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றார். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்ததை நான் முன்பு ஒருமுறை கண்டிருக்கிறேன், புதுச் சவர்க்காரம் கொண்டு பழைய கறையில் இறங்கும்போது.

"இருபத்திரண்டும் நானாவுக்கு" என்றார். பிறகு அண்ணையின் பக்கம் திரும்பினார். "தவராஜாவைச் சனிக்கிழமை வரச்சொல்லுங்கோ. நீரும் வாரும் தம்பி. எனக்கும் ஒரு வாய் வேணும்."

*

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தவராஜா அண்ணை ஒரு பெட்டி லட்டும் ஒரு பைலுமாக வந்தார். வாசலில் சொல்லாமலே சப்பாத்தைக் கழட்டினார். இடது காலுறையில் ஓட்டை. பெருவிரல் வெளியே நின்றது. அக்கா அந்தக் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த விரலைத் திரும்பப் பார்த்ததும் போய்விட்டது.

"எப்பிடித் தங்கச்சி சுகம்?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, என்ன விசயமா வந்தவராம் எண்டு கேளும்."

"அண்ணை, வந்தது நல்ல சந்தோசமாம். என்ன விசயமெண்டு கேக்கிறா."

"சந்தோசம் எண்டு நான் சொல்லேல்லை."

"சந்தோசம் இல்லையாம் அண்ணை."

அவர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். இராஜசிங்கம் அண்ணை யன்னலுக்கு வெளியே புகாரை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஊர்க்காரன் என்றபடியால் தவராஜா அண்ணைக்கு விசயம் உடனே பிடிபட்டது. கோபக்காரர் வீட்டில் எப்படிக் கதைப்பதென்று அவருக்கும் தெரியும்.

"சரி. அவவிட்டைச் சொல்லும். கட்டில் விசயம். ஊர்ச்சனம் நிலத்திலை கிடக்குது எண்டு சொல்லும்."

"நிலத்திலை கிடக்கினமாம் அக்கா."

"எனக்குத் தெரியும் எண்டு சொல்லும். என்ரை அண்ணை கிடந்தவர் எண்டு சொல்லும்."

சொன்னேன். அவர் பைலைத் திறந்தார், மூடினார். "அது ஒரு துர்ப்பாக்கியம். நான் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு சொல்லும். சாவி என்னட்டை இல்லை. ஊரிலை செயலாளர் பிருந்தாபனிட்டை."

"பிருந்தாபன் ஆரின்ரை சொல்லுக் கேக்கிறவன் எண்டு கேளும்."

"அண்ணை, பிருந்தாபன் உங்களிலை நல்ல மரியாதையாம் எண்டு..."

"தம்பி!" அக்காவின் சத்தத்துக்கு லட்டுப் பெட்டியே ஒதுங்கியிருக்கும். "மினுக்கலாம். மாத்தக் கூடாது."

மாற்றாமல் கேட்டேன். தவராஜா அண்ணை, "என்ரை சொல்லுத்தான்..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"அப்ப இப்பவே அவனுக்குப் போன் எடுத்து அறையைத் திறப்பிக்கச் சொல்லும். வீடியோவிலை. நான் பாக்க. அங்கை பின்னேரம் மூண்டரை. ஆஸ்பத்திரி திறந்திருக்கும்."

"தங்கச்சி, அப்பிடிச் சட்டெண்டு ஏலாது. தையிலை மந்திரி வாறனெண்டு..."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததை எப்படிச் சொல்வதென்று நானா எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு நீளமான சரக்கு ரயில் முழுவதும் கடந்து போனது. அது முடிய, தவராஜா அண்ணை தொலைபேசியை எடுத்தார்.

பிருந்தாபன் இடுப்பில் சாரம் கட்டியபடி திரையில் வந்தான். "அண்ணை, சாவியோ? இப்பவோ? நாடா என்ரை வீட்டிலை இருக்கு, எடுத்தரட்டே?"

"நாடா வேண்டாம்" என்றார் தவராஜா அண்ணை.

திரை ஆடியது. விறாந்தை. அதே விறாந்தைதானா என்று நான் கேட்கவில்லை. அக்கா கையால் வாயைப் பொத்தியிருந்தார். பாய்களில் ஐந்தாறு பேர். சீலையால் மூடிய கல். பூட்டு இறுகிப்போயிருந்தது, தேங்காயெண்ணெய் கொண்டுவரப் போனார்கள். கதவு திறந்தது. எட்டுக் கட்டில், பொலித்தீனுக்கு மேல் பல்லி எச்சம். யாரோ கிழித்தார்கள். அந்தச் சத்தம், பரபரவென்று, ஓல்டன் வீட்டுக்குள் வந்தது. அக்கா ஒவ்வொரு கிழிப்புக்கும் கண்ணை மூடித் திறந்தார்.

பாயில் கிடந்த ஒரு வயதான மனிசியைத் தூக்கி முதல் கட்டிலில் வைத்தார்கள். மனிசி கத்தத் தொடங்கினார். "ஐயோ, உயரமாக் கிடக்கு, விழுந்துபோவன், என்னைக் கீழை விடுங்கோ!"

நேர்ஸ் பிள்ளை முழித்தாள். அக்கா பாய்ந்து தொலைபேசியைப் பறித்தார். என்னிடம் சொல்லவில்லை, நேராகவே பேசினார்.

"பிள்ளை, பக்கத்திலை கம்பி இருக்கு, பார். கீழை ஒரு நாக்கு மாதிரி இருக்கும், அதை அமத்திக்கொண்டு மேலை இழு. ஓம், அதுதான். டொக் எண்டு கேக்கவேணும். கேட்டதோ? மற்றப் பக்கமும். அம்மா, பயப்படாதேங்கோ. கம்பியைப் பிடிச்சுப் பாருங்கோ. விழமாட்டியள் அம்மா. விழமாட்டியள்."

மனிசி கம்பியை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. பிறகு கையை எடுக்காமலே, சந்தேகத்தோடு தலையணையில் சாய்ந்தார்.

தவராஜா அண்ணையின் கை தானாகத் தலைமயிரைத் தடவிவிட்டது. "பிருந்தாபன், உதிலை ஒரு படம்..."

"தம்பி, படம் இல்லையெண்டு சொல்லும்."

"படம் இல்லையாம் அண்ணை."

"கல்லிலை மூடின சீலை மூடினபடி இருக்கட்டுமெண்டு சொல்லும். அவிழ்த்ததாக் கேள்விப்பட்டால், என்ரை அண்ணை செத்த கதையை எல்லாக் கூட்டத்திலையும் நான் எழும்பிச் சொல்லுவன் எண்டு சொல்லும்."

சொன்னேன். அவர் தொலைபேசியை வாங்கி அணைத்தார். காலுறைக்கு வெளியே நின்ற விரலைப் பார்த்தபடி கேட்டார். "அப்ப... இந்த இருபத்திரண்டும்?"

"செவ்வாய்க்கிழமை ஆபிரிக்காவுக்குப் போகுது எண்டு சொல்லும். அங்கை நாடா வெட்டியாச்சாம். கட்டில்தான் இல்லையாம்."

"எங்கடை சனத்துக்கு எட்டுத்தானோ?"

"எட்டு இருந்தது எண்டு சொல்லும்."

அதை நான் சொல்ல வேண்டி வரவில்லை. இராஜசிங்கம் அண்ணை யன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "எட்டு இருந்தது."

தவராஜா அண்ணை எழும்பினார். வாசலில் குனிந்து சப்பாத்தைப் போடும்போது அவருடைய தோள் குலுங்கியது. முழங்கால் நோவாக இருக்கும் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. அக்காவைப் பார்க்க அவரால் முடியவில்லை, என்னைப் பார்த்தார்.

"தம்பி, அவவிட்டைச் சொல்லும். குலநாதன் என்னோடை ஒரு வகுப்பிலை படிச்சவன். நான்... என்னை மன்னிக்கச் சொல்லும்."

நான் திரும்பினேன். அக்கா மேசையில் இருந்தார், கையெட்டும் தூரத்தில். ஒரு சொல்லும் தவறாமல் அவருக்குக் கேட்டிருந்தது. அவருடைய கன்னம் நனைந்திருந்தது.

"எனக்குக் கேட்டது" என்றார் என்னிடம். "கேக்கேல்லையாம் எண்டு சொல்லும்."

சொன்னேன்.